கனகசபாபதி சொன்ன எண்

தாயில்பட்டிப் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்த முப்பத்தொரு ஆண்டுகளில், நோட்டும் பேனாவுமாக யார் வந்து கேட்டாலும் கனகசபாபதி சொன்ன பதில் ஒன்றுதான்: "ஒரு குறையும் இல்லைங்க." நுரையீரல் புற்றுநோய் வந்து வீட்டோடு முடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாராவாரம் வரும் நர்ஸ் ஜெஸ்லின் நோட்டை விரித்து, "பத்துக்கு வலி எம்புட்டு ஐயா?" என்று கேட்பாள். "ரெண்டு" என்பார்.

அன்று அவர் மனைவி பொன்னுத்தங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டாம்ல ரெண்டு. மூணு வாரமா படுக்க முடியாம நாற்காலியிலயே உக்காந்து தூங்குதாக. ஏங்க, இந்தப் பிள்ளை என்ன உங்க கம்பெனிக்கு சீல் வைக்கவா வந்திருக்கு?"

ஜெஸ்லின் சிரித்துவிட்டாள். "நீங்க ரெண்டுன்னு சொன்னீகன்னா டாக்டர் மாத்திரையைக் கூட்ட மாட்டாக ஐயா. இந்த நோய் வந்தவுகள்ல ரெண்டுல ஒருத்தருக்கு வலி இருக்கத்தான் செய்யும். சொன்னாத்தான் குறைக்க முடியும்."

"மார்பின் மாத்திரை கூடினா புத்தி மங்கிருமே?" என்றார் கனகசபாபதி.

"மொத ரெண்டு மூணு நாள் தூக்கம் அசத்தும். பெறகு தெளிஞ்சிரும். அதனால வர்ற மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மாத்திரை தருவாக."

கனகசபாபதி விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். இனியும் நாற்காலியில் விடியக் கூடாது என்று முடிவு செய்தார்.

"எட்டு. இருமினா ஒம்பது. எழுதிக்கோம்மா."

ஜெஸ்லின் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டாள். வலி வரட்டும் என்று காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை போட வேண்டும். புதிய அளவு இன்று மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது.