சுண்டுவிரல் பக்கமாகச் சரிந்த நார்கள்

அந்தக் கருவியை என் கையில் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னது நான் இல்லை. எனக்கு அப்படியெல்லாம் ஆசை கிடையாது.

கண்டியில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், புண் ஆறும்போது தோலுக்குள் கொலாஜன் நார்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்று அளக்கிறோம். தோலை மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் வைப்பது என் வேலை. அதற்கென்றே உள்ள ஒளியில் பார்த்தால் சுற்றிலும் கறுப்பாகிவிடும், நார்கள் மட்டும் செம்மஞ்சளாக மின்னும். புதிதாக வருகிறவர்கள் "ஐயோ, என்ன அழகு!" என்பார்கள். எனக்கு அது எரிகிற துணி. இத்தனை வருஷமாகியும் காலையில் முதல் கண்ணாடித் தகட்டை வைக்கும்போது மூக்கில் கருகல் வாடை வந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லையென்றால் பாவம் என்பார்கள். பைத்தியம் என்றாலும் பரவாயில்லை.

நல்ல தோலில் நார்கள் பாய் முடைந்த மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும். தழும்பில் அப்படி இல்லை. எல்லாம் ஒரே திசையில் ஒட்டிப் படுத்துக் கிடக்கும். தோலை வெட்டாமல் வெளியிலிருந்தே ஒளியைப் பாய்ச்சி அந்தத் திசையை அளக்கிற புதுக் கருவி ஒன்று போன மழைக்காலத்தில் வந்தது. அதைச் சரிபார்க்க ஒரு பழைய தழும்பு தேவைப்பட்டது.

"உம்மட கையில ஒண்டு இருக்கெல்லோ?" என்றாள் என் மேசைக்கு எதிரே இருப்பவள். யாழ்ப்பாணத்துக்காரி, கணினி வேலையெல்லாம் அவளுடையது. நான் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவள். எப்போதோ கை கழுவும்போது பார்த்திருக்கிறாள், கள்ளி.

வழக்கமாக இடது கையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்குச் சுள்ளென்று ஏறும். "டீ கொட்டிருச்சா?" என்று பஸ்ஸில் கேட்ட ஒரு அம்மாளிடம், "ஆமா, ஒங்களுக்கும் ஒரு கப் வேணுமா?" என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ, பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டினேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழை நாளில் அந்தக் கை எனக்குச் சொந்தமில்லாதது போலத்தான் இருக்கும்.

பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்தவள் நான். மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் துணி காய ஒரே இடம், அடுப்புக்கு மேலே கட்டிய கயிறு. எல்லா வீட்டிலும் அப்படித்தான். எனக்கு எட்டு வயது இருக்கும். ஒரு நாள் விடிகாலையில் அம்மா என் பள்ளிக்கூடக் கவுனை அந்தக் கயிற்றில் போட்டுவிட்டு, "தங்கச்சியப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு பெரட்டுக்கு ஓடினாள். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். அங்கே பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை.

கவுன் காய்ந்ததும் கயிற்றிலிருந்து நழுவித் தணலில் விழுந்தது. அங்கிருந்து கூரைக்கு அடியில் ஒழுக்குக்குக் கட்டியிருந்த பொலித்தீனில் பிடித்தது. இடது கையால் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு ஓடினேன். பாதியில் கை வெறுங்கையாக இருந்தது. நான் விட்டேனா, அவள் உருவிக்கொண்டு ஓடினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் என்னை இழுத்து வெளியே போட்டார்கள். அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

அம்மா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னவள் என்ற சொல்லே எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று.

என் முழங்கை மடிப்பில் வெந்த புண் ஆறத் தொடங்கிய பிறகு தினமும் சாயந்தரம் அம்மா மலையிலிருந்து வருவாள். என்னைக் கட்டிலில் கிடத்துவாள். மணிக்கட்டில் பழந்துணியைச் சுற்றி, அதில் தன் கொழுந்துக் கூடையின் கயிற்றை மாட்டி, கூடையைக் கீழே தொங்கவிடுவாள். கட்டில் ஒரு மூலையில் இடுக்கிக் கிடந்ததால் கை நேராகக் கீழே தொங்காது, சுண்டுவிரல் பக்கமாகச் சரிந்தே தொங்கும். முதலில் வெறும் கூடை. அப்புறம் உள்ளே ஒரு பிடி கொழுந்து, பிறகு இரண்டு பிடி. நாளுக்கு நாள் கூடும். நான் லயமே அதிரக் கத்துவேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள், அசையவும் மாட்டாள்.

அது தண்டனை என்று நானே முடிவு செய்துகொண்டேன். 'இந்தக் கையாலதானே விட்ட, இதுவே அனுபவிக்கட்டும்.' அம்மா சொல்லாததை அம்மாவின் குரலிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடம், விடுதி, வேலை, எங்கே போனாலும் அந்தக் குரலும் கூடவே வந்தது. மழை நாளில் இன்னொன்றும் வரும். கூடைக் கயிறு கிடந்த அதே இடத்தில், மணிக்கட்டைச் சுற்றி, சின்ன விரல்களின் பிடி. பஸ்ஸில் இடது கையை ஜன்னல் பக்கம் வைத்துத்தான் உட்காருவேன். யாராவது அந்தப் பக்கம் உட்கார்ந்தால் சின்னவள் நசுங்கிவிடுவாள் என்று ஒரு பயம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

யாழ்ப்பாணத்துக்காரி முழங்கை மடிப்பைத் துடைத்துவிட்டுக் கருவியை வைத்தாள். கணினித் திரையில் கோடுகள் விழுந்தன.

"இஞ்ச பாரும். எல்லாம் ஒரே பக்கமாச் சரிஞ்சு கிடக்கு, சுண்டுவிரல் பக்கமா. ஆரோ பிடிச்சு இழுத்த மாதிரி."

சின்னவள். அவள்தான். அவள்தான் இழுத்திருக்கிறாள். நான் விடவில்லை, கடைசிவரை பிடித்திருந்தேன். அது தோலில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"நெருப்புப் பட்ட நேரம் இழுத்ததா?" என்று கேட்டேன்.

"அதெப்பிடி? உமக்குத் தெரியாதே? அப்ப இந்த நாரெல்லாம் பிறக்கவே இல்லையே. புண் ஆறேக்க எந்தப் பக்கம் இழுபடுதோ, அந்தப் பக்கம்தான் படுக்கும். ஆறேக்க ஆரும் இழுத்துக் கட்டினவையோ?"

எனக்குத் தெரியாமலா? வருஷக்கணக்காக அதைத்தானே அளந்துகொண்டிருக்கிறேன். என் கை என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. இழுத்தது சின்னவள் இல்லை, அம்மாவின் கூடை.

"உம்மட கை இவ்வளவு நேரா நீளுறதே பெரிய விசயம்," என்றாள் கருவியைத் துடைத்துக்கொண்டே. "இந்த இடத்தில சுட்டா அநேகமா மடங்கித்தான் போகும்."

சனிக்கிழமை பஸ் ஏறினேன். வத்தேகம தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அம்மா அதே லயத்தில்தான் இருக்கிறாள், எத்தனை தடவை கூப்பிட்டும் டவுனுக்கு வரவில்லை. நான் போனபோது ஈரச் சேலையோடு அடுப்படியில் நின்றாள். மழைக்காலம் முழுக்க அம்மா ஈரத்தைத்தான் உடுத்துவாள், அடுப்புக்கு மேலே ஒரு கைக்குட்டைகூடப் போடமாட்டாள். சளி பிடிக்கும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவேன். அன்றைக்குப் போடவில்லை.

"ஏம்மா, சின்னதில என் கையில கூடையக் கட்டித் தொங்கவிட்டீங்களே. அது என்னாத்துக்கு?"

அம்மா பால் சேர்க்காத பிளேன்டியை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "தோட்டத்து டாக்டர் ஐயா சொன்னாரு. கனம் கட்டி நீட்டாட்டி கை மடங்கியே போயிரும், கொழுந்து கிள்ளக்கூட ஒதவாதுன்னாரு."

"அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் தண்டனைன்னு நெனச்சேன்."

"தண்டனதான்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு என்னாத்துக்குடி தண்டன? கவுன அடுப்புக்கு மேல போட்டது நானு. நீ கத்துறப்ப காதப் பொத்திக்கிட்டு மலைக்கு ஓடிறலாம்னு வரும். ஓடல. ஒக்காந்து கேட்டேன். சின்னவ கத்துனத நான் கேக்கலயே."

சட்டைக் கையைச் சுருட்டி, இடது கையை அம்மாவின் மடியில் வைத்தேன். தழும்பைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள், சரியாக அந்த இடத்தில். அம்மாவின் விரல்களுக்கு உள்ளே அந்தச் சின்ன விரல்களும் இருந்தன. அம்மாவுக்கும் தெரிந்ததோ என்னவோ, பிடியை விடவில்லை. அவள் சேலை சொதசொதவென்று ஈரமாக இருந்தது.