கோட்டைக் கதவைத் திறந்த பெயர்

தபால் போட்டுவிட்டு வீடு திரும்பும் இகராஷி தெய்ஜிரோ நேர்வழியில் வருவதில்லை. அந்த வழியில் சோயாக் கட்டி விற்கும் நெமோத்தோவின் டோஃபு கடை இருக்கிறது. எழுபதைத் தாண்டிய வயதில், ரப்பர் பூட்ஸ் பனிச்சேற்றில் சளக் சளக்கென்று ஒலிக்க, ஆற்றங்கரையைச் சுற்றி மூச்சிரைக்க வருகிறார். கேட்டால், "கதை யோசிக்க நடை வேணும்ல" என்பார்.

அவர் எழுதிய நாவல்கள் எல்லாமே இந்தக் கோட்டை ஊரைப் பற்றித்தான். டோக்கியோ பதிப்பாளர்கள் கூப்பிட்டும் ஊரை விட்டு அசையவில்லை. நானூறு வருஷத்துக்கு முன் செத்தவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி பேசுவார். "அந்தப் பிரபுவுக்கு வயித்துக் கோளாறு, பாவம். சண்டையன்னிக்குக் கஞ்சிதான் குடிச்சான்." ஊர் அவரை 'வாத்தியாரய்யா' என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

பேர் வாங்கித் தந்தது முதல் நாவல். அந்தப் பழைய சண்டையில் எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவன் பெயர் எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை. இளவயசு, அவசரம். டோஃபு வாங்கப் போன கடையின் முகப்புத் துணியில் 'நெமோத்தோ' என்றிருந்தது. துரோகிக்கு அதையே வைத்துவிட்டார். ஊரோ அதைச் சரித்திரமாகவே படித்தது. நெமோத்தோ வீட்டுப் பெண்ணுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போனது. அவள் தம்பி வகுப்புக்குள் நுழைந்தால், "கதவைப் பூட்டுங்கடா, வர்றான்" என்றார்கள் பிள்ளைகள். எல்லாம் கேள்விப்பட்டும் அடுத்த பதிப்பில் ஒரு வரி திருத்த இகராஷிக்குக் கை வரவில்லை. பரிசு வந்தது, வாங்கிக்கொண்டார்.

அந்தத் தம்பிதான் இப்போது கடை முதலாளி. போன வாரம் வீடு தேடி வந்து, பாயில் மண்டியிட்டுக் குனிந்தார். கோட்டையில் செத்தவர்களுக்கு வசந்தத்தில் ஊர் கூடி ஊதுவத்தி ஏற்றும். இத்தனை காலம் அவர் குடும்பம் ஒதுங்கியே நின்றது.

"எனக்கும் வயசாயிடுச்சுங்க. இந்தத் தடவை நானும் ஒரு வத்தி ஏத்தட்டுமா? நீங்க சொன்னா ஊரு ஒத்துக்கும்."

இகராஷிக்கு உடம்பே கூசிப்போனது. "அது நான் சும்மா வச்ச பேருங்க. உங்க கடைத் துணியில பார்த்து எடுத்தேன். உங்க பாட்டன் பூட்டன் யாரும் எந்தக் கதவையும் திறக்கல."

நெமோத்தோவின் கண் கலங்கியது. "எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. பெரிய மனசு ஐயா உங்களுக்கு. எங்கப்பா சாகும்போதுகூட ஊருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போனாரு."

சொல்லிவிட்டு இன்னும் தாழக் குனிந்தார். இகராஷி அவரைவிடத் தாழக் குனிந்து, மன்னிக்க வேண்டும் என்றார். நெமோத்தோ அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டு நெற்றியைப் பாயில் வைத்தார். இகராஷியும் வைத்தார்.

நெமோத்தோ எழுந்து, விடைபெற்று, செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகும் இகராஷி நெற்றியைப் பாயிலிருந்து எடுக்கவில்லை.