இயற்றியவர் இல்லாத ஏழாவது விதி

போன வாரம் அலுவலகப் படிவம் ஒன்றில் ‘விதியை இயற்றியவர்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஈரக் கொழுந்தின் வாசனை வந்தது. சிரிக்காதீர்கள்.

‘இயற்று’ என்றால் உண்டாக்கு, செய் என்கிறது அகராதி. சட்டசபை இயற்றும். நடுவட்டம் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் யாரும் எதையும் இயற்றியதில்லை. சட்டம் ‘போடுவார்கள்’, அவ்வளவுதான். டிப்ளமோ முடித்த கையோடு ஃபேக்டரி மெஷின்களைப் பார்க்கச் சேர்ந்த என்னிடம், எஸ்டேட் விதிகளைத் தொகுக்கும் வேலையையும் தந்தார்கள். பட்டியல் என்றால் எனக்குச் சோறுகூட வேண்டாம். எண், விதி, இயற்றியவர் என மூன்று கட்டம் போட்டு உட்கார்ந்தேன்.

ஏழாவதில் மாட்டிக்கொண்டேன். மூடுபனியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மேஸ்திரியின் விசில் சத்தத்தை நோக்கி மட்டுமே நடக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் ராணியக்காவைக் கேட்டேன்.

“யாருக்கா இந்தச் சட்டத்தப் போட்டது?”

“ஆரும் போடலீங்க மேடம். நாங்க வரும்போதே இருந்துச்சுங்க.”

“ஆளில்லாம சட்டம் எப்படி வரும்?”

“பனி மட்டும் ஆளக் கேட்டுட்டா வருது?”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம். இயற்ற ஆளில்லாதது சட்டமே இல்லை என்று எல்லோர் முன்னாலும் பட்டியலிலிருந்து ஏழாவதை அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம். ராணியக்காவின் வீட்டிலிருந்து ஃபேக்டரிக்குப் போன். அவரிடம் சொல்ல நான் தோட்டத்துக்குப் போனபோது சரிவு முழுக்கப் பனி. “ராணியக்கா!” என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். மேஸ்திரி விசில் ஊதியதும் மற்றவர்கள் வந்துவிட்டார்கள், ராணியக்கா மட்டும் வரவில்லை. பனி விலகியபோது, அவர் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தார். முதுகுப் பை தேயிலைச் செடியில் சிக்கியிருந்தது. அதற்கப்பால் ஓரடித் தரைகூட இல்லை.

“மூணு தடவ கூப்பிட்டீங்களே மேடம். நீங்கதான் சட்டத்த எடுத்துட்டீங்களேன்னு வந்தேனுங்க.”

“ஒரு தடவதான்க்கா கூப்பிட்டேன். பாறைல எதிரொலிச்சிருக்கும்.”

“கடைசில கீழ இருந்து, ‘இப்படி வாங்க’ன்னும் சொன்னீங்களே?”

எதிரொலி புதிதாக எதையும் சொல்லாது. அன்றே ஏழாவதைத் திரும்ப எழுதினேன். இயற்றியவர் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

எஸ்டேட்டை மூடி வருஷங்கள் ஆகின்றன. தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளுக்குக் கூரை இல்லை. சரிவில் காடு ஏறிவிட்டது. ராணியக்கா திருப்பூரில் மகளோடு இருக்கிறார். விசில் ஊத ஆளில்லை, அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவும் ஆளில்லை. பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. என் குரலும் அங்கேதான் இருக்கும்.