வெள்ளி பெயிண்ட் அடித்த இரண்டு தோங்

போன வாரம் மகளின் காரில் ஏர்கான் குளிரவில்லை. சிங்கப்பூரில், பொங்கோலில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒர்க்‌ஷாப். அங்கிருந்த மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் பார்த்தார். இன்ன கேஸ், இத்தனை கிராம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அலமாரி உயரத்துக்கு ஒரு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார், இரண்டு குழாய்களை மாட்டினார், பிறகு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தம்பி, எந்த கேஸ்னு செக் பண்ணீங்களா?" என்றேன்.

"மிஷினே பாத்துக்கும் அங்கிள். ராங் கேஸ்னா ஏத்தவே ஏத்தாது லா."

நல்ல மிஷின். என் கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்கலாம்.

வேலை முடிந்து குழாயைக் கழற்றியபோது 'புஸ்' என்று ஒரு சத்தம், கூடவே கம்ப்ரசர் எண்ணெய் வாசனை. எனக்கு உடனே மல்லிகைப் பூ ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அறுபதுகளில் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். முதலாளி ஒரு சீனத் தவுக்கே. நானும் ஜப்பாரும் ஏர்கான் ஆட்கள். ஜப்பார் என் வயதுக்காரன், கடையநல்லூர்க் குடும்பம், என்னைவிடக் கெட்டிக்காரன். இதை அவன் இருக்கும்போது ஒருநாளும் நான் ஒப்புக்கொண்டதில்லை. ஏர்கான் வைத்த கார் அப்போது ஊரிலேயே கொஞ்சம்தான். அதையும் தனியாக வாங்கி டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டிக்கொள்வார்கள். மாட்டிய பிறகு அது ஓடுகிறதோ இல்லையோ, கண்ணாடியை மட்டும் இறக்க மாட்டார்கள். சிராங்கூன் ரோட்டில் ஒருவர் உள்ளே வேர்த்துக் கொட்டக் கொட்ட, நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் ஏர்கான் கார் என்று நினைக்க வேண்டுமே!

கார் வேலை மட்டும் சோறு போடாது என்பதால் வீட்டு ஏர்கானும் பார்ப்போம். அதனால் கடையில் எப்போதும் இரண்டு தோங் நிற்கும். தோங் என்றால் கேஸ் அடைத்த இரும்பு உருளை. வெள்ளைத் தோங்கில் பன்னிரண்டாம் நம்பர் கேஸ், அது காருக்கு. பச்சைத் தோங்கில் இருபத்திரண்டாம் நம்பர், அது வீட்டு ஏர்கானுக்கு. இருபத்திரண்டு முரட்டு கேஸ், அழுத்தம் அதிகம். கார்க் குழாய் அதைத் தாங்காது. நிறத்தைப் பார்த்து எடு, வேலை முடிந்தது. இதில் ஒருவன் எப்படித் தப்புச் செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? ஆயுத பூஜை என்று ஒன்று இருக்கிறதே.

அந்த வருஷம் ஐப்பசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் சரஸ்வதி, காத்தோங்கில் அத்தை வீட்டில் வளர்ந்தவள். பேசி முடித்த கையோடு அவளிடமிருந்து ஒரு சேதி வந்தது. அவளுக்குக் காரில் ஏறினாலே பெட்ரோல் வாசனையில் வாந்தி வரும். தாலி கட்டியதும் சிராங்கூன் ரோடு கோயிலிலிருந்து காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கும்பிட வேண்டும், பிறகு அவள் வீட்டில் விருந்து. அத்தனை தூரமும் கூறைப்புடவையில் எப்படி வருவது? "நாலு பேர் முன்னாடி மானம் போயிடும். நான் நடந்தே வர்றேன்னு சொல்லிடுங்க" என்றாளாம்.

நான் மார்தட்டிக்கொண்டு பதில் அனுப்பினேன்: "ஏர்கான் கார்ல கூட்டிட்டு வர்றேன். கண்ணாடிய ஏத்திட்டா ஒரு வாசனையும் வராது. என் பொறுப்பு."

அவளுக்கு நான் கொடுத்த முதல் வாக்கு அது. தவுக்கேயின் காரையே கேட்டு வாங்கிவிட்டேன். அதில் கேஸ் மட்டும் குறைவு. அது என் தொழில்தானே, போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால் ஆயுத பூஜை வந்தது. மாப்பிள்ளைக் களை எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஸ்பானர், மேசை, சுவர் எல்லாம் கழுவியாயிற்று. கதவுக்கு வாங்கிய வெள்ளி பெயிண்ட் மிச்சமிருந்தது. அழுக்காக நின்ற இரண்டு தோங்கையும் பார்த்தேன். இதற்கும் ஒரு பூச்சு அடித்தால் என்ன? தலை முதல் கால் வரை அடித்தேன். சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு மாலையும் போட்டேன். ஐயோ, என்ன லட்சணம்! கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர்களைப் போல இரண்டும் நின்றன.

மறுநாள் பொரிகடலை வாங்கிக்கொள்ள வந்த ஜப்பார், தோங்குகளைப் பார்த்ததும் கையிலிருந்த பொரியை வாயில் போடவில்லை.

"டேய், எதுடா பன்னெண்டு?"

"வலது பக்கம் நிக்கிறது."

"யாரும் நகத்தலையா?"

"நான் அடிச்ச பெயிண்டு. எனக்குத் தெரியாதா?"

பூஜை முடிந்து தரையைக் கழுவியபோது இரண்டையும் உருட்டி நகர்த்தியவன் நானே என்பது மட்டும் எனக்கு நினைவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், தவுக்கே காருக்கு கேஸ் ஏற்றினேன். மீட்டர் ஊசி வழக்கத்தைவிட மேலே போனது. ஜப்பார் பக்கத்தில் வந்து நின்றான். "ஊசி ரொம்ப ஏறுது லா. நிறுத்திட்டுத் தோங்ல மீட்டர மாட்டிப் பாத்துடலாம்டா. எது எதுன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றான். ஒரே வெயிலில் நிற்கும் இரண்டு தோங்கில் எதில் ஊசி உயரமாக நிற்கிறதோ, அதுதான் இருபத்திரண்டு. அவ்வளவு சுலபம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெயில்டா. மீட்டரும் பழசு." கல்யாணக் காரில் காற்று பனிக்கட்டியாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்தன்று ஜப்பார்தான் சொங்கோக் தொப்பி வைத்துக்கொண்டு காரை ஓட்டினான். முன்னால் சரஸ்வதியின் அத்தை. பின்னால் நாங்கள் இருவர். அவள் தலையில் கூடை மல்லிகை, கையில் பத்திரமாக ஒரு எலுமிச்சம்பழம். நாலு கண்ணாடியும் ஏற்றியாயிற்று. "அடி ஆத்தே, பல்லு கூசுதே!" என்று அத்தை முந்தானையைப் போர்த்திக்கொண்டார். சரஸ்வதி எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கிருந்த பெருமை, ஆறு பிள்ளை பெற்றிருந்தாலும் வந்திருக்காது.

காத்தோங்கை நெருங்கும்போது வழியில் வண்டிகள் நின்றுவிட்டன. எங்கள் காரும் வெயிலில் நின்றது. 'டப்' என்று ஒரு சத்தம். பானெட் இடுக்கெல்லாம் வெள்ளைப் புகை. டாஷ்போர்டு வழியாகக் குளிருக்குப் பதில் எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. "முருகா, தீப்புடிச்சிருச்சு!" என்று அத்தை அலறினார். ஜப்பார் திரும்பி என்னைப் பார்த்தான்.

சரஸ்வதியின் முகம் வெளிறிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. வளையல் குலுங்கக் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டினாள். அப்போது கடல் அங்கே பக்கம். உப்புக் காற்று வீசி அவள் பூவெல்லாம் என் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். வாந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இப்பதான் நல்லாருக்கு" என்றாள். "ஏங்க, இத மொதல்லயே தெறந்து விட்டிருக்கக் கூடாதா?"

புருஷனிடம் அவள் பேசிய முதல் பேச்சு. ஜப்பார் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். குழாய்தான் வெடித்தது, என்ஜினுக்கு ஒன்றுமில்லை. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் பிள்ளையாரைப் பார்க்கப் போனோம்.

தவுக்கேயிடம் மறைக்காமல் சொன்னேன். முதலில் முறைத்தார். நான் துவாரபாலகர்களைக் காட்டியதும் "தாப்பா லா" என்றார், பரவாயில்லையாம். புதுக் குழாயை நானே மாட்டினேன். ஜப்பார் ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குப் பச்சை என்று திருப்பி அடித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெயிண்ட் டப்பாவை அவன்தான் பூட்டி வைப்பான்.

அந்தப் பன்னிரண்டே இப்போது கிடையாது. வானத்தில் ஓட்டை போட்டது என்று விலக்கிவிட்டார்கள். அந்த ஓட்டையில் என் கைங்கரியமும் இருக்கும். ஜப்பார் போய்ப் பல வருஷம் ஆகிறது. காத்தோங்கில் கடலைத் தூர்த்து, ரோடு போட்டு, வீடு கட்டிவிட்டார்கள். சரஸ்வதி எந்த வண்டியில் ஏறினாலும், ஏர்கான் ஓடினாலும், ஒரு சாண் கண்ணாடியை இறக்கி வைப்பாள். ஒர்க்‌ஷாப்காரன் பெண்டாட்டி இப்படிச் செய்யலாமா என்று நான் வாழ்நாளெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து மகள் என்னைக் காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அன்று சரஸ்வதியின் திதி. நான் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். கார் நன்றாகக் குளிர்ந்தது. பெட்ரோல் வாசனை துளிகூட இல்லை. நான் கொடுத்த வாக்கு அப்படியே பலித்திருந்தது, உட்கார்ந்து அனுபவிக்கத்தான் அவள் இல்லை. காத்தோங் வந்ததும் பொத்தானை அழுத்தி அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"அப்பா, ஏர்கான் வெளிய போவுது" என்றாள் மகள்.

"போகட்டும்மா" என்றேன். "அம்மாவுக்கு வாந்தி வரும்."