குற்றாலத்துக்குப் போன மணவாளன்

நல்லெண்ணெயும் ஈரப்பாறையும் கலந்த வாசனை எங்கிருந்து வந்தாலும் இன்றைக்கும் என் காது மடல் சூடாகிவிடுகிறது. காரணம் வெட்கக்கேடானது. என் கலியாணத்தன்று பத்துப் பெண்கள் கையில் விளக்கோடு தென்காசியில் காத்து நிற்க, மாப்பிள்ளையாகிய நான் குற்றாலத்தில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது பதினொன்று.

பதற வேண்டாம், கலியாணம் நாடகத்தில்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலம். எங்கள் சின்னச் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த சுகிர்தம் டீச்சர், பத்துக் கன்னிகைகள் உவமையைப் பிள்ளைகளை வைத்து நடத்திக் காட்ட ஆசைப்பட்டார். மணவாளனை எதிர்கொள்ளப் போகும் பத்துப் பேரில் புத்தியுள்ள ஐந்து பேர் விளக்கோடு மிச்ச எண்ணெயும் கொண்டுபோகிறார்கள். புத்தியில்லாத ஐந்து பேர் கொண்டுபோகவில்லை. மணவாளன் வரத் தாமதமாகி, இவர்கள் எண்ணெய் வாங்க ஓடித் திரும்புவதற்குள் கலியாண வீட்டின் கதவு அடைபட்டுவிடுகிறது. ஆயத்தமாயிரு, ஒருநாள் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் கதையின் சாரம்.

அந்தச் சாரத்தை நாடகமில்லாமலே தினமும் எங்களுக்கு ஊட்டிவந்தவர் சபைக் கமிட்டியின் ஞானமுத்து அண்ணாச்சி. தெருவில் கோலி விளையாடுகிறவனைக் கண்டால்கூட, "ஆண்டவர்கிட்ட கணக்கு ஒப்புவிக்கணும்லே" என்று குடையால் தரையைத் தட்டிவிட்டுத்தான் நகர்வார். கோயிலுக்குள் கூத்தா என்று ஒரு மாதம் மறுத்தவர், கடைசியில் டீச்சரிடம், "இந்த ஒரு தடவை போடுங்கம்மா. ஒழுங்கா நடக்கலன்னா இனிமே இங்கன பாட்டும் பிரசங்கமும் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டார். டீச்சருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

என் அக்கா எஸ்தருக்கும் இறங்கவில்லை. அவள் கவலை வேறு. "வசனமெல்லாம் மனப்பாடமாச் சொல்லுத நான் புத்தியில்லாதவளாம், செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டுத் திரியுத இவன் மணவாளனாம்" என்று வீடெங்கும் முறையிட்டாள்.

எனக்கு இருந்தது ஒரே வசனம்: "உங்களை எனக்குத் தெரியாது." அதையும் கடைசியில், அடைத்த கதவைத் தட்டுகிற புத்தியில்லாதவர்களிடம்தான் சொல்ல வேண்டும். அதுவரை மணவாளன் தாமதிக்க வேண்டும் என்பது கதையிலேயே இருக்கிறது. நாடகம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மத்தியானம் முழுக்க வேலையில்லை. மேலே மலை கறுத்துக் கிடந்தது. மாப்பிள்ளை குளிக்காமல் போகலாமா என்று என்னையே கேட்டு, என்னையே ஒப்புக்கொள்ள வைத்து, ஓய்வுநாள் என்பதையும் மறந்து பஸ் ஏறிவிட்டேன்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர், வெளியூர்க்காரர் ஒருவரிடம் அவர் மகனுக்காகக் காசு வாங்கிவிட்டு நின்றார். மகனோ எண்ணெயைக் கண்டதும் அலறி ஓடிவிட்டான். "காசு வாங்கியாச்சு, எவன் முதுகா இருந்தா என்ன? படுலே" என்று அவர் என்னைப் பாறையில் சாய்த்துத் தட்டிப் பிசைந்து உருவிவிட்டார். சாரல் முகத்தில் விழ, அருவி இரைய, இதுதான் பரலோகம் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. அடுத்த ஞாபகம், பாறையிலிருந்து எழுந்தபோது வெளிச்சம் மங்கியிருந்ததுதான். குளிக்கக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினேன். "ஏலே, எண்ணெயோட ஏறாத, சீட்டு பாழாயிரும்" என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். தென்காசி வரை ஓட்டமும் நடையும்தான்.

அங்கே நடந்ததைப் பிறகு அக்கா சொன்னாள். விளக்குகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பெட்ரோமாக்ஸை அணைத்திருந்தார்கள். புத்தியில்லாத ஐவரும் எண்ணெய் வாங்கப் போவதாக நடித்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். மணவாளனைக் காணோம். உள்ளே புத்தியுள்ளவர்கள் மிச்ச எண்ணெயையும் ஊற்றி எரித்துத் தீர்த்துவிட்டார்கள். வெளியே நின்று சலித்துப்போன எஸ்தர், தோழிகளைக் கூட்டிக்கொண்டு நிஜமாகவே எதிர்த்த செக்குக் கடைக்குப் போய்விட்டாள். கடைக்கார ராவுத்தர், "என்னட்டி, கோயில்ல கலியாணமா?" என்று சிரித்துக்கொண்டே ஐந்து விளக்கையும் நிறைத்து, ஒரு கிண்ணத்திலும் ஊற்றிக் கொடுத்தாராம்.

வேஷத்துக்காகக் கோயிலில் எடுத்து வைத்திருந்த அப்பாவின் கலியாணக் கோட்டை எண்ணெய் உடம்பின் மேல் மாட்டிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது, புத்தியுள்ளவர்கள் அணைந்த விளக்கோடு விழித்துக்கொண்டிருந்தார்கள்; புத்தியில்லாதவர்கள் சுடர் விடுகிற விளக்கோடு வாசலில் வந்து நின்றார்கள். என் உடம்பைப் பிழிந்தால் பத்து விளக்கும் விடிய விடிய எரிந்திருக்கும். டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வேறு வசனம் தெரியாது. அக்காவைப் பார்த்து, "உங்களை எனக்குத் தெரியாது" என்றேன்.

"எங்களயா தெரியாதுங்குத? வீட்டுக்கு வாலே, நல்லாத் தெரிய வைக்கேன்!" என்றாள் எஸ்தர்.

கோயிலே சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் ஞானமுத்து அண்ணாச்சி எழுந்து முன்னால் வந்தார். சிரிப்பு நின்றது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி வாசலில் நின்று, சாரல் காற்று வந்த பக்கமாகத் தம் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். "விளக்கு அணையப் போகுது, சீக்கிரம் உள்ள வாங்கட்டி. இருக்கத அவளுகளுக்கும் ஊத்துங்க" என்றார். எஸ்தர் கிண்ணத்தைச் சாய்த்து ஒவ்வொரு விளக்கிலும் ஊற்றினாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "அண்ணாச்சி, வேதத்துல அப்படி இல்லியே" என்றது. "வேதத்துல மாப்பிள்ள குத்தாலத்துக்குப் போகவும் இல்லியேம்மா" என்றார் அண்ணாச்சி. பத்து விளக்கும் எரிய, பத்துப் பேரும் உள்ளே போக, நான் கதவடைக்க மறந்து பின்னாலேயே போனேன். அண்ணாச்சி டீச்சரிடம், "அடுத்த வருஷமும் போடுங்க" என்றார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார்.

கணக்கு ஒப்புவிப்பது என்றால் என் பாவங்களை நான் தனியே நின்று சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் தூங்கிய நேரத்தில் தீர்ந்தது பிறர் எண்ணெய் என்பதும், அதற்கும் பதில் சொல்ல வேண்டியவன் நானே என்பதும் அன்று லேசாக உறைத்தது. இந்த வயதிலும் ஒரு காரியத்தைத் தள்ளிப்போடத் தோன்றும்போது, அதற்காக எங்கே யார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் யோசிக்கிறேன். யோசித்துவிட்டுப் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறேன் என்றாலும், முன்புபோல் நிம்மதியாகத் தூக்கம் வருவதில்லை. ஆண்டவர் என்னிடம் செய்த அபிவிருத்தி அவ்வளவுதான்.

செக்குக் கடை இருந்த இடத்தில் இப்போது எஸ்.டி.டி. பூத். கோயிலில் கரண்டு போனால் ஜெனரேட்டர் உறுமுகிறது; இருட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. டீச்சரும் அண்ணாச்சியும் கணக்கு ஒப்புவிக்கப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அது சிரமமாக இருந்திருக்காது.

மறு வருஷம் அதே நாடகத்தைப் பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். வேஷம் பிரித்துக் கொடுப்பதை அண்ணாச்சியே ஏற்றுக்கொண்டிருந்தார். போன வருஷம் கோயிலே சிரித்ததற்குக் காரணம் என் நடிப்புதான் என்று நம்பிக்கொண்டிருந்த நான் அவர் முன்னால் போய் நின்று, "அண்ணாச்சி, இந்த வருஷமும் நான்தானே மணவாளன்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ கதவா நில்லுலே. அதுதான் வச்ச இடத்துல இருக்கும்."