திங்கட்கிழமை ஏழரை மணி ஷிஃப்ட்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், தட்டச்சு செய்வேன். கீபோர்டு நொறுங்குகிற மாதிரி, மூச்சு விடாமல். அப்படித் தட்டித் தள்ளிய ஒரு பதிலால் நான் பிற்பாடு பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாமல் போயிருந்தால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

பெரம்பலூரில் வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை பார்க்கிறவள் நான். சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை ஒன்று, ஆசைக்குப் பார்க்கிற வேலை இன்னொன்று. ஆசைக்குப் பார்ப்பது ஒரு கட்டற்ற மென்பொருளுக்காக. நேரம் முன்பதிவு செய்வதற்கான மென்பொருள் அது. டாக்டரைப் பார்க்க, மண்டபம் பார்க்க, முடிவெட்டிக்கொள்ள என்று எதற்கு வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். புதிதாக ஒரு வசதி வேண்டுமென்றால் அதைத் தனியாக ஒரு சின்ன நிரலாக எழுதி அதோடு ஒட்டவைக்கலாம். அந்த ஒட்டைத்தான் பிளகின் என்கிறோம்.

ஜெயங்கொண்டத்தில் என் தாய்மாமா கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். மண்டபம் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்க அந்த மென்பொருளை நான்தான் போட்டுக்கொடுத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மாமா போன் செய்தார். கல்யாணம் பேசி முடித்து முதன்முதலாக மண்டபம் பார்க்க வருகிறவர்களை உன் கம்ப்யூட்டர் ராகுகாலத்தில் வரச்சொல்கிறதே, இப்படிச் செய்தால் யார் வருவார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டே நாளில் ஒரு பிளகின் எழுதினேன். யாராவது ராகுகாலத்தில் நேரம் கேட்டால், சத்தம் காட்டாமல் அதை ராகுகாலம் முடிகிற நேரத்துக்குத் தள்ளிவிடும். ஏற்கெனவே பதிவாகியிருப்பதையும் விடாது. மாமாவுக்குப் பரம திருப்தி. நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் பயன்படட்டுமே என்று, மென்பொருளின் பொதுப் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன்.

அங்கே வருகிற பிளகின்களைப் படித்துப் பார்த்து அனுமதிக்கிறவர் ஒருவர் உண்டு. எந்த நாடு, ஆணா பெண்ணா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நிரல் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விதிமுறைகளை வரிவரியாகக் காட்டித் திருப்பி அனுப்பினார். வரியை இத்தனை இடம் தள்ளித் தொடங்கு. எல்லாப் பெயருக்கும் முன்னால் உன் பிளகினின் பெயரைச் சேர், இல்லாவிட்டால் இன்னொருவர் வைத்த பெயரோடு மோதும். பிழை வந்தால் மூடி மறைக்காதே. இதெல்லாம் எனக்குப் புதிதில்லை, ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். கடைசி இரண்டுதான் தொண்டையில் மாட்டிக்கொண்டன. ஒன்று, பிளகினைப் போட்டவுடன் அது தானாக வேலையைத் தொடங்கக் கூடாது, ஆன் செய்கிறவரை சும்மா இருக்க வேண்டும். இன்னொன்று, ஒருவர் கேட்ட நேரத்தை அவருக்குச் சொல்லாமல் மாற்றக் கூடாது. எச்சரிக்கை காட்டு, முடிவை அவரிடம் விட்டுவிடு, அவர் ஏன் அந்த நேரத்தைக் கேட்டார் என்று உன் நிரலுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். ராகுகாலம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் எனக்குப் பாடம் எடுப்பதா? எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் தெரிந்தே ராகுகாலத்தைக் கேட்க மாட்டார்கள், வேண்டுமா என்று அவர்களிடம் கேட்பது சாம்பாருக்கு உப்பு போடலாமா என்று கேட்கிற மாதிரி என்று ஒன்றரைப் பக்கம் தட்டி அனுப்பினேன். சாம்பார் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சரிதான் போ என்று பிளகினைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் சர்வரில் நான் எழுதியபடியே வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

சில மாதம் கழித்து என் பள்ளித் தோழி கூப்பிட்டாள். அரியலூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில் அவள் நர்ஸ். ஐந்து மெஷின். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். யாருக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று நோட்டில் அடித்து அடித்து எழுதிக் கைவலிக்கிறது என்றாள். அதே மென்பொருளை அவளுக்கும் போட்டுக்கொடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் நேரத்தை நினைவூட்டி மெசேஜ் போகும். மாமாவின் மண்டபம் இருந்த அதே சர்வர்தான், ஆனால் தனியாக, பிளகின் எதுவும் இல்லாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்வரை அப்டேட் செய்தேன். இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய சோம்பல். மண்டபத்துக்கு உள்ளதையெல்லாம் அப்படியே இரண்டு பக்கமும் போட்டுவிட்டேன். போட்டவுடன் தானாக ஆன் ஆகிற பிளகின் அது. அப்படித்தான் இருக்க வேண்டுமென்று ஒன்றரைப் பக்கம் சண்டை போட்டவள் நான். துணிகளை மடித்து வைத்துவிட்டு, சீக்கிரமே படுத்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தோழி போன் செய்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? ஏழரை ஷிஃப்ட் ஆளுங்க ஒருத்தரையும் காணும். ஒருத்தருக்குப் போன் போட்டா, ஒம்பது மணின்னு மெசேஜ் வந்துச்சுங்கறாரு."

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

அவள் திட்டக்கூட இல்லை, விஷயத்தை மட்டும் சொன்னாள். அந்த ஷிஃப்டுக்காரர்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இடைவெளி அதிகம் என்பதால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு வருவார்கள். தா.பழூர்ப் பக்கமிருந்து வருகிற ஒரு அக்காவுக்கு ஞாயிறே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். காலையில் வந்தவுடன் முதல் ஆளாக மெஷினில் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அக்காவுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து பிளகினைத் தூக்கினேன். பழைய நேரத்துக்கே உடனே வாருங்கள் என்று மறு மெசேஜ் அனுப்பினேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன்.

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு இடத்தில் பாதி ரோட்டை மறித்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள், பஸ் அதைச் சுற்றி ஒதுங்கி ஒதுங்கிப் போனது. நான் ஆறு முறை தோழிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. எடுக்காததற்கு என்னென்ன காரணம் இருக்கும் என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது, ஒன்றும் நல்ல காரணமில்லை. ஒரு முறைகூடப் பார்த்திராத அந்த அக்காவை, மூச்சுக்குத் திணறிக்கொண்டு ஒன்பது மணிக்காகக் காத்திருக்கிறவராக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தை அவரிடமிருந்து பிடுங்கியது என் கை. அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது, எதுவும் ஆகிவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட் அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

சென்டருக்குள் நுழையும்போது மணி எட்டரை தாண்டியிருந்தது. ஐந்து கட்டிலிலும் ஆள் இருந்தது. ஐந்து மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

தோழி என்னைப் பார்த்துவிட்டு, சன்னல் ஓரத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். நாற்பது வயது இருக்கும், மஞ்சள் புடவை கட்டிய ஒரு அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மெசேஜ் போனது லாரி ஓட்டுகிற அவர் வீட்டுக்காரரின் போனுக்கு. அவர் ஞாயிறு மத்தியானமே போனை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போய்விட்டார். காலையில் போனை எடுக்காததும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால்தான். ஒன்பது மணி என்ற சமாச்சாரமே தெரியாமல் அக்கா தன் பாட்டுக்கு வழக்கமான பஸ்ஸைப் பிடித்து ஏழேகாலுக்கு வந்து இறங்கிவிட்டார். மற்ற நாலு பேரும் டவுனிலும் பக்கத்திலும் இருக்கிறவர்கள், போன் போட்டவுடன் ஓடி வந்துவிட்டார்கள். ஐந்து பேருக்கும் ஒற்றையாளாக ஊசி போட்டு மெஷினை மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு என் போனை எடுக்கக் கை ஏது.

வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். கொஞ்சம் அழுதேன். எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்தேன். அதன் பிறகுதான் காலையிலிருந்து பல்கூடத் தேய்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது, சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து பிளகினைத் திருத்தி எழுதினேன். போட்டவுடன் சும்மா இருக்கும். ஆன் செய்தாலும் எதையும் நகர்த்தாது, இது ராகுகாலம், பரவாயில்லையா என்று மட்டும் கேட்கும். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, அந்தப் பெயர் தெரியாத நபருக்கு அனுப்பினேன். என்ன சொல்லிக் காட்டப்போகிறாரோ என்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் முதலில் கேட்டிருந்தார். எல்லோரும் நலம் என்று எழுதினேன். பிளகினைச் சேர்த்துக்கொண்டார். பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பதினொன்றரைக்கு அக்காவின் மெஷின் மணி அடித்தது. கையில் கட்டுப் போட்டு எழுப்பி உட்கார வைத்தாள் தோழி. முகம் தெளிந்திருந்தது, மூச்சு சீராக இருந்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. கட்டில் பக்கத்தில் போய் நின்று, நான்தான் மெசேஜ் அனுப்புகிறவள், தப்பு என் மேல்தான் என்று தொடங்கி, ராகுகாலத்தில் யாரும் வர விரும்ப மாட்டார்கள் என்று நானாக முடிவு செய்ததுவரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார்.

"நாலு வருசமா திங்கக்கெழம இந்த ராகுகாலத்துலதான் கட்டில்ல ஏறிப் படுக்கறேன். வரும்போது மூச்சு முட்ட வரேன், போகும்போது நடந்து வூட்டுக்குப் போறேன். எனக்கு இதாம்மா நல்ல நேரம். இத மட்டும் மாத்திடாதீங்க."

"மாத்த மாட்டேன்க்கா" என்றேன்.

அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை வரேன் என்று தோழியிடம் சொல்லிவிட்டு, தா.பழூர் பஸ்ஸுக்கு நடந்தே போனார்.