பகலில் வைத்த சீனித்தண்ணீர்

எங்கள் பெட்டிகள் எப்படி அழிந்தன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் ஒருமுறைகூட உண்மையைச் சொன்னதில்லை.

பன்விலவில், தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், மரக்கறிப் பாத்தி ஓரத்தில், மூன்று தேனீப் பெட்டிகள் வைத்திருந்தோம். தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வாங்கி வந்தவன் நான். பார்த்துக்கொண்டது அம்மா. எனக்குக் கண்டியில் வேலை, குண்டசாலையில் அறை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. மழைக்காலத்தைத் தாண்டி மூன்றும் நின்றுவிட்டால், தை மாதத்தில் பிரித்து ஆறாக்கலாம். ஆறு பெட்டி ஆனால் அம்மா கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திவிடலாம். முழங்கால் வீக்கத்தோடு மலை ஏறிக்கொண்டிருந்தவருக்கு நான் கொடுத்த வாக்கு அது.

எங்கள் பக்கம் ஆனி, ஆடி மழையில் பூ இருக்காது. பூச்சி பட்டினி கிடக்கும், இல்லாவிட்டால் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். அதனால் சீனித்தண்ணீர் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதை அழகான கையெழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். இருட்டும் நேரத்தில் மட்டும். பெட்டிக்கு உள்ளே மட்டும். வெளியே சிந்தக்கூடாது. வாசலைச் சிறிதாக்க வேண்டும். பகலில் வெளியே வைத்தால் பலமான கூட்டம் மற்றப் பெட்டிகளைக் கொள்ளையடிக்கும். அம்மாவிடம் கலக்கும் அளவை மட்டும் வாயால் சொல்லிவிட்டு, மிச்சமெல்லாம் இதில் இருக்கிறது என்று தாளைப் பெட்டிக்கு மேலிருந்த தகரத்தின் அடியில் ஒட்டினேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என் பள்ளிக்கூட அறிக்கைகளில் கைநாட்டு வைத்தவர் அவர். அது எனக்கு மறந்துவிடவில்லை. பயிற்சி தந்த உத்தியோகத்தர் பெட்டிகளைப் பார்க்க வருவார், வந்தால் அந்தத் தாளைப் பார்ப்பார் என்ற நினைப்பில் எழுதினேன்.

புதன்கிழமை மத்தியானம் அம்மா தொலைபேசியில் பேசினார். குரலில் அவ்வளவு சந்தோசம்.

"தம்பி, காலையில வேலைக்குப் போறப்ப மூணு சிரட்டையில ஊத்தி வச்சேன். வந்து பாக்கணுமே நீ! திருவிழாக் கூட்டம் மாதிரி மொய்க்குது."

பின்னால் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது. "பூச்சிக்குச் சீனித்தண்ணி, நமக்கு வெறும் பிளேன்டீ. அடுத்த பொறவியில ஒங்க வீட்டுப் பூச்சியாப் பொறக்கணும்!"

நானும் சிரித்தேன். "நல்லது அம்மா, அப்படியே செய்ங்க" என்றேன். காலையில் என்று சொன்னாரே, சிரட்டையில் என்று சொன்னாரே. நான் எழுதியதற்கு நேர் எதிரானது அது. என் காதில் விழுந்தது "திருவிழா" மட்டும்தான். அன்று வேலை செய்யும் இடத்திலும் பெருமையாகச் சொன்னேன்.

ஞாயிறு போனபோது இரண்டு பெட்டிகளின் வாசலில் செத்த தேனீக்கள் கருப்பாகக் குவிந்து கிடந்தன. திறந்தால் அடைகள் கிழிந்து, ஒரு சொட்டுத் தேன் இல்லை. மூன்றாவது பெட்டி மட்டும் கொழுத்து இரைந்துகொண்டிருந்தது, மற்ற இரண்டையும் தின்றுவிட்டு.

"நான் நல்லாத்தானே பாத்தேன் தம்பி. ஒரு நாளும் தவறவிடல. எதைத் தப்பாச் செஞ்சேன்?"

பகலில் வைத்ததுதான் என்றேன். அம்மா தகரத்தின் அடியிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார். "அதுல போட்டிருந்திச்சா?" என்றார். ஆமாம் என்றேன். புதன்கிழமை நான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து உத்தியோகத்தர் வந்தார். தாளைப் பார்த்தார், நல்லாயிருக்கு என்றார். பிறகு பெட்டிகளின் பதிவு அட்டையை எடுத்துக்கொண்டு, இழப்புக்கு என்ன காரணம் என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்தில் சொன்னேன்: நான் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேன், அம்மாதான் பகலில் வைத்துவிட்டார்.

தேநீர்க் கோப்பையோடு அம்மா அருகில்தான் நின்றார். முப்பது வருடமாகச் சிங்களக் கடையில் சாமான் வாங்குகிறவர்.

"ஆமா சார், என் பிழைதான். அப்படியே எழுதுங்க" என்று சிங்களத்திலேயே சொன்னார்.

உத்தியோகத்தர் அப்படியே எழுதினார். மறுநாள் விடிந்ததும் அம்மா கொழுந்து மலைக்குப் போனார். நான் கண்டி பஸ் ஏறினேன். அம்மா இன்னும் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்.